பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கும் முன்: வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டியவை

காட்டுத் தடங்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் பாறை வழிகளிலும் ஓட்டுவதற்கென்று பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடுபவர்கள் பெரும்பாலும் ‘எந்த மாடல் நல்லது?’ என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை உண்டு. அதையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் இருபது, முப்பது ஆண்டு ஓடி முடித்த வண்டிகளைப் பொறுத்தவரை, ஒரே மாடலாகவும் ஒரே ஆண்டாகவும் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு இடையிலான வேறுபாடு, இரண்டு தனித்தனி மாடல்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். ஆகவே மாடலைப் பற்றி விவாதிக்கும் நேரத்தைப்போல் இரு மடங்கு நேரத்தை வண்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கலாம், கியர் பாக்ஸை மாற்றலாம், இருக்கைகளைப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். துரு தின்ற சேசிஸை (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை) சரிசெய்யும் செலவோ வண்டி வாங்கிய விலையையே விழுங்கிவிடும்.

எந்த அமைப்பு வேண்டும்

நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதாலேயே ஒரு வண்டி தடத்துக்கு ஏற்றதாகிவிடாது. லோ ரேஞ்ச் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கியர் பாக்ஸுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் இந்தப் பெட்டி, எஞ்சினின் சுழற்சியை இன்னொரு முறை குறைத்து, சக்கரங்களுக்குப் போகும் முறுக்குவிசையைக் கூட்டுகிறது. மனிதர் நடப்பதைவிட மெதுவாகப் பாறை மேல் ஏறுவதும், செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல் எஞ்சினின் பிடிப்பிலேயே இறங்குவதும் இதனால்தான் முடிகிறது. காரின் அடித்தளத்தில் கட்டப்பட்ட நகர எஸ்யூவிகள் பலவற்றில் லோ ரேஞ்ச் கிடையாது. மண் சாலைக்கும் சேற்று வழிக்கும் அவை ஓரளவு போதும். பாறைத் தடத்தில் விரைவிலேயே தடுமாறிவிடும்.

ஒரு வண்டி எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பலத்தோடு ஊர்ந்து செல்லும் என்பதை ஒரு சிறு பெருக்கலில் தெரிந்துகொள்ளலாம். முதல் கியரின் விகிதம், லோ ரேஞ்சின் விகிதம், ஆக்ஸிலின் (இரு பக்கச் சக்கரங்களையும் சுழற்றும் அச்சின்) விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். 4.0 லிட்டர் எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸும் கொண்ட ஜீப் செரோக்கீ எக்ஸ்ஜே வண்டியில் இது 2.80 × 2.72 × 3.55, அதாவது ஏறத்தாழ 27. 2005-ஆம் ஆண்டின் ஆறு கியர் ஜீப் ராங்லர் ரூபிகானில் 4.46 × 4 × 4.11, அதாவது 73-க்குச் சற்று மேல். 27 என்ற எண்ணைப் பார்த்து அந்தச் செரோக்கீயை ஒதுக்கிவிட வேண்டியதில்லை, ஏனென்றால் ஆட்டோமேட்டிக்கில் உள்ள டார்க் கன்வர்ட்டர் புறப்படும் நேரத்தில் முறுக்குவிசையைக் கூட்டிக்கொடுக்கிறது. இதே 27 ஒரு மேனுவல் வண்டியில் வந்தால், பெரிய பாறைகளில் கிளட்ச்சைத் தேய்த்துத் தேய்த்துத்தான் ஏற வேண்டியிருக்கும். கையேட்டில் மூன்று எண்களும் இருக்கும்; வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நான்கு சக்கர இயக்கம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். பார்ட் டைம் வகையில் லீவரைப் போட்டவுடன் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்படுகின்றன. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழி செல்ல வேண்டியிருப்பதால், தார்ச் சாலையில் அந்த வேறுபாடு வெளியேற வழியின்றி உறுப்புகள் முறுக்கிக்கொள்ளும்; மண்ணிலும் சரளையிலும் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சமன்செய்துவிடும். ஃபுல் டைம் வகையில் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) இருப்பதால் எல்லாச் சாலையிலும் ஓட்டலாம். ஆனால் அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஒரே ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் வண்டி நின்றுவிடும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் இந்த வகை. 1991-இல் வந்த இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜெரோவின் சூப்பர் செலக்ட் அமைப்பில் இரண்டு வகையின் பயனும் கிடைக்கும். எந்த வகை சிறந்தது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. எளிமையான பார்ட் டைம் அமைப்பில் பழுதாக வாய்ப்புள்ள உறுப்புகள் குறைவு என்பதால், முதல் வண்டி வாங்குபவருக்கு அதையே சொல்வேன்.

முன்பக்கம் ஒரே தண்டாக உள்ள ஆக்ஸிலா, தனித்தனி சஸ்பென்ஷனா என்பதும் கேட்க வேண்டியதே. ஒரே தண்டாக இருந்தால் ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது மறு சக்கரம் தரையை நோக்கி அழுத்தப்படுகிறது. நான்கு டயரும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். தனித்தனி சஸ்பென்ஷன் நெடுஞ்சாலையிலும் வேகமான மண் வழியிலும் சுகமாக இருக்கும். குண்டும் குழியுமான இடத்தில் சக்கரம் சீக்கிரம் தூக்கிக்கொள்ளும்.

சக்கர மையங்களுக்கு இடையிலான நீளமும் வண்டியின் குணத்தை மாற்றிவிடும். 1998 முதல் 2018 வரை வந்த மூன்றாம் தலைமுறை சுசுகி ஜிம்னியில் அது 2,250 மி.மீ.; டொயோட்டா லேண்ட் குரூஸர் 80-இல் 2,850 மி.மீ. குட்டை வண்டி நெருக்கமான மரங்களுக்கு இடையே திரும்பும், மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் தாண்டும். நீண்ட வண்டி செங்குத்தான ஏற்றத்தில் நிதானமாக இருக்கும், நான்கு பேரையும் பொருள்களையும் ஏற்றிக்கொள்ளும். உங்கள் தடங்கள் எப்படிப்பட்டவை, உடன் வருபவர்கள் எத்தனை பேர் என்பதை நேர்மையாக எண்ணிப் பார்த்தால் இந்த முடிவு தானாக வந்துவிடும்.

மாடல்களைப் பற்றிச் சில வார்த்தைகள்

பெரிய வண்டிகளில் லேண்ட் குரூஸர் 80, 1984-இல் தொடங்கிய லேண்ட் குரூஸர் 70 வரிசை, 1987-இல் வந்த நிசான் பேட்ரோல் ஒய்60 ஆகியவை தடங்களில் நீண்ட நாள் உழைத்துப் பெயர் வாங்கியவை. 80 வரிசையின் ஆரம்பகால டர்போ டீசல் 1ஹெச்டி-டி எஞ்சினில் பிக் எண்ட் பேரிங்குகள் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்டோடு இணையும் இடத்தில் உள்ளவை) முன்கூட்டியே தேய்வது நன்கு அறியப்பட்ட குறை. அவை மாற்றப்பட்டதற்கான பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்னாளில் பேட்ரோலில் வந்த 3.0 லிட்டர் இசட்டி30 டீசலின் தொடக்க ஆண்டுகளில் பிஸ்டன் கெட்டுப்போகும் புகார்கள் நிறைய வந்தன. 1997 முதல் 2006 வரை வந்த ராங்லர் டிஜே வண்டியின் பலவீனம் எஞ்சினில் இல்லை. பின் ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் பொருந்தும் இடத்தருகே சேசிஸ் உள்ளிருந்து துருப்பிடிக்கும். டிஃபெண்டரின் பாடித் தகடுகள் அலுமினியம் என்பதால் துரு வராது என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. அதன் சேசிஸும், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட் தகடும் இரும்பு. குறிப்பாகப் பின்கோடியில் உள்ள குறுக்குச் சட்டம் முதலில் போகும். சுசுகியின் சிறிய வண்டிகள் எடை குறைவு என்ற ஒரே காரணத்தாலேயே பெரிய வண்டிகள் புதையும் சேற்றில் தாண்டிப் போய்விடும். நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்துக்குத்தான் பொறுமை வேண்டும்.

உங்கள் பகுதியில் உதிரிபாகம் எளிதில் கிடைக்காத மாடல், எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், வேண்டாம். தடத்தில் ஓடும் வண்டி உடைந்துதான் தீரும்.

சேசிஸ்

பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது போங்கள். படுக்க ஒரு விரிப்பு, நல்ல டார்ச், சிறு சுத்தியல், தட்டை ஸ்க்ரூ டிரைவர், காந்தம், வெள்ளைத் துணி ஆகியவை கையில் இருக்கட்டும். அடியில் தட்டிப் பார்க்க விற்பவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தயங்குபவரிடமிருந்து வாங்குவதை நான் விட்டுவிடுவேன்.

பெரும்பாலான தட வண்டிகளின் சேசிஸ் ஏணி போன்றது: இரு பக்கமும் பெட்டி வடிவில் நீளச் சட்டங்கள், இடையே குறுக்குச் சட்டங்கள். பெட்டியின் உள்ளே சேறு புகுந்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வடிகால் துளைகள் அடைபட்டால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே நலமாகத் தெரியும் இரும்பு உள்ளே காகிதமாகியிருப்பது அப்படித்தான். எனவே துளைகளில் விரலை விட்டுப் பாருங்கள், டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பாருங்கள். பின் சக்கரத்துக்கு மேலே சட்டம் வளையும் இடம், ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், பாடி பொருந்தும் இடங்கள், ஸ்டியரிங் பாக்ஸைச் சுற்றியுள்ள பகுதி ஆகியவற்றில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய டயர் மாட்டி ஓட்டிய வண்டிகளில் ஸ்டியரிங் பாக்ஸின் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல்கள் இருக்கக்கூடும். வெள்ளைத் துணியால் துடைத்த பிறகே அவை கண்ணுக்குத் தெரியும்.

ஒருமுறை நான் பார்க்கப் போன வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் புதிய கறுப்புப் பூச்சில் மின்னியது. துரு வராமல் இருக்கப் போன மாதம்தான் அடித்தேன் என்றார் விற்பவர். முன் சக்கரத்திலிருந்து தொடங்கிச் சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே பின்னால் வந்தேன். கணீர் கணீர் என்று ஒலித்துக்கொண்டு வந்தது. பின் ஸ்பிரிங் கொக்கிக்கு ஒரு சாண் முன்னால் ஒலி திடீரென்று மட்டமானது, ஈர மரத்தைத் தட்டியதுபோல. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து அழுத்தினேன். பூச்சு பிளந்து, அடியில் துரு மரப்பட்டைபோல் அடுக்கடுக்காக உரிந்தது, அடுத்த அழுத்தலில் நுனி இரண்டு விரற்கடை உள்ளே போய்விட்டது. அந்த வண்டியின் எஞ்சின் அருமையாக ஓடியது, பெயிண்ட் பளபளத்தது. நான் தட்டாமல் வந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். அன்றிலிருந்து, விற்பனைக்குச் சற்று முன் பூசப்பட்ட கறுப்புப் பூச்சைப் பார்த்தால் இன்னும் கவனமாகத் தட்டுகிறேன்.

மேலோட்டமான செந்நிறத் துரு எல்லாப் பழைய வண்டியிலும் இருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். செதில் செதிலாகப் பெயர்வதும், வீங்கியிருப்பதும், தட்டும்போது ஒலி மாறுவதும்தான் அபாயக் குறிகள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக ஓடும். கட்டி கட்டியாக நிற்கும் வெல்டிங் யாரோ பின்னாளில் ஒட்டியது, அது ஏன் தேவைப்பட்டது என்று கேட்டாக வேண்டும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரு பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருந்தால் ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம், விபத்தில் சேசிஸ் வளைந்திருக்கலாம். செரோக்கீ எக்ஸ்ஜே போல் தனிச் சேசிஸ் இல்லாமல் பாடியோடு சேர்த்துக் கட்டிய வண்டியில், தரைவிரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டையும் அதன் கீழே ஓடும் சட்டங்களையும் பாருங்கள். இரும்புப் பாடியில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆக்ஸில், டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ்

லேண்ட் குரூஸர், பேட்ரோல், டிஃபெண்டர், பழைய சுசுகி போன்ற வண்டிகளில் முன் சக்கரத்துக்கு உட்புறம் பந்துபோல் உருண்ட ஓர் உறுப்பு தெரியும். சக்கரம் திரும்பும்போது அதன் மேல் உறை சுழலும். அந்தப் பந்தை வெள்ளைத் துணியால் துடைத்துத் துணியைப் பாருங்கள். மெல்லிய கிரீஸ் படலம் இருப்பது இயல்பு. கிரீஸ் வழியும் அளவுக்கு இளகி, எண்ணெய் நாற்றத்தோடு சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தால், உள்ளே ஆக்ஸில் சீல் தேய்ந்து டிஃபரன்ஷியல் ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது என்று பொருள். சீல் விலை குறைந்ததுதான். ஆனால் முன் ஹப் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) முழுவதையும் பிரிக்க வேண்டிய வேலை, அதோடு கலப்பட கிரீஸில் ஓடிய ஜாயிண்டும் பேரிங்குகளும் தேய்ந்திருக்கலாம். விலை பேசும்போது இது உங்கள் பக்கம் நிற்கும் பெரிய வாதம்.

முடிந்தால் டிஃபரன்ஷியலின் ஆயில் நிரப்பும் போல்ட்டைக் கழற்றச் சொல்லி, சிறு விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஆற்று நீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, பழைய சீல்களின் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான், காற்று போய்வர விடும் பிரீதர் குழாய் இருக்கிறது. அந்தக் குழாய் உடையாமல், உயரமான இடத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டிருந்தால், முன் உரிமையாளர் விஷயம் தெரிந்தவர் என்று நம்பலாம். ஆயில் வடிக்கும் கீழ் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலுக்கு நெருடும் துண்டுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடையத் தொடங்கியிருக்கிறது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். குறுக்கு ஜாயிண்டில் ஆட்டம் தெரியக் கூடாது. பிறகு சரளை நிலத்தில் லோ ரேஞ்சில் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக நகர்த்துங்கள். பார்ட் டைம் வண்டியில் முன்பக்கம் இறுகி இழுப்பது கையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முன் ஆக்ஸில் இணையவில்லை. முன் ஹப்பைக் கையால் பூட்டி ஆக்ஸிலோடு இணைக்கும் வகையானால் இரண்டையும் நீங்களே திருப்பிப் பாருங்கள். பல ஆண்டு தொடாமல் விட்ட ஹப் இறுகிப்போயிருக்கும். லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோங்கள். சங்கிலியால் இயங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், பாரம் ஏறும்போது ‘டக் டக்’ என்று தாவும் ஒலி வந்தால் சங்கிலி நீண்டுவிட்டது. டிஃபரன்ஷியலைப் பூட்டும் டிஃப் லாக் இருப்பதாகச் சொன்னால், சொல்லில் விட்டுவிடாமல், ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி இன்னொன்று தூக்கும்படி வைத்து, பூட்டு வேலை செய்வதைக் கண்ணால் பாருங்கள்.

எஞ்சின்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதையும், சூடான பிறகும் நிற்காத வெண்புகை கூலன்ட் உள்ளே போவதையும் காட்டும். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை அழுத்தத்தோடு பீறிட்டு வரக் கூடாது. ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலமோ செம்மண் நிறமோ வேண்டாம். ரேடியேட்டர் இதழ்களுக்கு இடையே காய்ந்த சேறு அடைத்திருந்தால் மெதுவாக ஏறும் தடங்களில் எஞ்சின் சூடேறும். பெட்ரோலா டீசலா என்று நீண்ட விவாதம் நடப்பதுண்டு. நல்ல நிலையில் உள்ள எதுவும் நல்லதே, குறைந்த சுற்றிலேயே இழுக்கும் டீசல் ஊர்ந்து செல்ல எளிது என்பது மட்டும் என் அனுபவம்.

ஹெட்லைட்டின் உட்புறத்தில் கோடு போட்டதுபோல் படிந்த வண்டல், இருக்கைக்கு அடியில் துருப்பிடித்த போல்ட்டுகள், தரைவிரிப்பில் பூஞ்சை நாற்றம் ஆகியவை வண்டி ஆழமான நீரில் நின்றதற்கான தடயங்கள். அப்படிப்பட்ட வண்டியில் ஒயரிங் பழுது ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டே இருக்கும்.

ஏற்கெனவே மாற்றியமைத்த வண்டி

உயர்த்திக் கட்டிய சஸ்பென்ஷனும் பெரிய டயரும், சிக்கிய வண்டியை இழுக்கும் விஞ்ச்சும் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் கம்பெனியில் வந்தபடியே இருக்கும் வண்டியைத்தான் நான் விரும்புவேன். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி உயரும். ஒரே தண்டான ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் ஓர் அங்குலம்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் டயரின் விட்டம் கூடுவதில் பாதி அளவே. 31 அங்குலத்திலிருந்து 33-க்குப் போனால் கிடைப்பது ஒரே ஓர் அங்குலம். அதே நேரத்தில் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும், ஆக்ஸில் விகிதத்தை மாற்றாவிட்டால் எஞ்சினும் திணறும். உயர்த்திய வண்டியில் பிரேக் ஹோஸ் இழுபட்டு நிற்கிறதா, புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதிர்வு வருகிறதா, ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்புகிறதா என்று பாருங்கள். முறையாகச் செய்தவரிடம் பில்லும் பாகங்களின் விவரமும் இருக்கும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தும் பத்தாண்டு பழையதாக இருந்தால், டயருக்கு மதிப்பே இல்லை என்று கணக்கிடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல், காகிதம், பணம்

ஓட்டும்போது பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள். ஒரே தண்டான முன் ஆக்ஸில் உள்ள வண்டியை நடுத்தர வேகத்தில் ஒரு பள்ளத்தின் மேல் விட்டுப் பாருங்கள். ஸ்டியரிங் கட்டுப்பாடின்றி உதறினால் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரின் புஷ்ஷோ, பால் ஜாயிண்டோ, கிங்பின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. சரிசெய்யக்கூடியதே, ஆனால் அந்த நிலையில் வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள். திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டு மீண்டும் மிதித்தால் கீழிருந்து ‘டொக்’ என்ற சத்தம் பெரிதாக வரக் கூடாது. மேனுவல் வண்டியில் மேல் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுதாக மிதித்துப் பாருங்கள். வேகம் கூடாமல் எஞ்சின் மட்டும் அலறினால் கிளட்ச் முடிந்துவிட்டது.

சேசிஸில் பொறித்த எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒவ்வோர் எழுத்தாகப் பொருந்த வேண்டும். பொறித்த இடம் தேய்க்கப்பட்டோ வெல்டிங் செய்யப்பட்டோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கையில் உள்ள முழுத் தொகைக்கும் வண்டி வாங்காதீர்கள். குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். வாங்கிய முதல் வாரத்தில், முன் உரிமையாளர் என்ன சொன்னாலும், எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் ஆகிய ஐந்து இடத்து ஆயிலையும், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட், ஹோஸ் ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். வடித்த ஒவ்வோர் ஆயிலையும் தனித்தனிப் பாத்திரத்தில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு ஆயிரம் கிலோமீட்டர் அருகிலேயே, எளிய மண் வழிகளில் ஓட்டிவிட்டு, டிஃபரன்ஷியல்களின் காந்தப் போல்ட்டுகளை மறுபடியும் கழற்றிப் பாருங்கள். புதிய துண்டுகள் இல்லையென்றால், கடினமான தடத்துக்குக் கிளம்பலாம்.